அலி வாலஸுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அலி அவர்களுக்கு,

உங்களுக்கு என்னைத் தெரிய வாய்ப்பில்லை. மலாய்த் தீவுகளில் உயிரினங்களைச் சேகரித்துத் திரிந்த பிரிட்டிஷ் இயற்கையியலாளர் ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸின் பயணக் குறிப்புகளை வாசிக்கப் போய் உங்களைக் கண்டுகொண்டவன் நான். பரிணாமம் என்று பேச்செடுத்தாலே டார்வின் வந்துவிடுகிறார், கலாபகோஸ் தீவுக் குருவிகள் வந்துவிடுகின்றன. கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள் வாலஸையும் சேர்த்துக்கொள்வார்கள். உங்கள் பெயர் வருவதேயில்லை. அது நெடுநாளாக மனதை உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன்.

1855-இன் கடைசியில் போர்னியோ தீவின் சரவாக்கில் வாலஸிடம் வேலைக்குச் சேர்ந்தபோது உங்களுக்கு 15 வயது இருக்கும். சமையலுக்கும், பேசிப் பேசி அவருக்கு மலாய் மொழி பழகுவதற்கும்தான் உங்களை வைத்துக்கொண்டார். சீக்கிரமே சுடக் கற்றுக்கொண்டீர்கள், அப்புறம் தோலுரிக்க, அப்புறம் பாடம் செய்ய. பறவையைப் பாடம் செய்வது எத்தனை நுணுக்கமான வேலை என்று இன்று பலருக்குத் தெரியாது. வயிற்றில் சிறு கீறல் போட்டு, இறகில் ரத்தம் படாமல் தோலைக் கழற்ற வேண்டும். மண்டையோடும், இறக்கை, கால் எலும்புகளும் தோலோடு இருக்க வேண்டும். மூளையைச் சுரண்டி எடுத்து, உள்ளே ஆர்செனிக் தடவி, பஞ்சு வைத்து உருவம் கொடுக்க வேண்டும். அந்த வெக்கையில் சுட்டதை உடனே முடிக்காவிட்டால் அழுகிவிடும். காயப் போட்டால் எறும்பு மொய்க்கும். இங்கிலாந்திலிருந்து வாலஸ் கூட்டிவந்த பையனுக்கு அப்போது இந்த வேலை படியவில்லை. அவன் பாடம் செய்த பறவைக்குத் தலை ஒருபக்கம் கோணியிருக்கும், கழுத்தில் பஞ்சு கழலைபோலப் புடைத்திருக்கும் என்று வாலஸ் வீட்டுக்கு எழுதிப் புலம்பினார். உங்கள் கைவேலையையோ அவர் மெச்சித்தான் எழுதியிருக்கிறார்.

நீங்கள் சுட்டு, உரித்து, கட்டிக்கொடுத்த அந்தத் தோல்கள் என்ன வாதத்துக்குள் போய் விழுந்தன என்பதை உங்களிடம் யாராவது உட்கார்ந்து சொன்னார்களா? நான் சொல்லிப் பார்க்கிறேன்.

ஒவ்வோர் உயிரினமும் அதனதன் இடத்துக்கும் தட்பவெப்பத்துக்கும் பொருத்தமாகத் தனித்தனியே தோன்றியது என்பதுதான் அந்தக் காலத்துப் பெரிய அறிஞர்கள் பலரின் கருத்து. இதைச் சோதிக்க வேண்டுமானால் எந்த விலங்கு எந்த இடத்தில் வாழ்கிறது, எங்கே அது நின்றுபோகிறது என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். அருங்காட்சியகச் சீட்டுகளிலோ ‘பிரேசில்’, ‘தென் அமெரிக்கா’ என்று மொட்டையாக எழுதியிருந்தார்கள். அமேசானிலிருந்து திரும்பியதும் 1852-லேயே வாலஸ் இதைக் குறையாகச் சொல்லிவிட்டார்.

டார்வினும் இங்கேதான் தடுமாறினார். 1835-இல் கலாபகோஸில் சிறு குருவிகளைச் சேகரித்தபோது எது எந்தத் தீவு என்று பெரும்பாலும் அவர் குறித்துவைக்கவில்லை. ஆமை ஓட்டைப் பார்த்தே அது எந்தத் தீவு என்று சொல்லிவிடுவேன் என்று அங்கிருந்த துணை ஆளுநர் லாசன் சொன்னதையும் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கப்பலில் ஏற்றிய ஆமைகளைத் தின்றுவிட்டு ஓடுகளைக் கடலில் எறிந்துவிட்டார்கள். 1837 ஜனவரியில் லண்டனில் பறவையியலாளர் ஜான் கூல்ட் அந்தக் குருவிகளைப் பார்த்து, இவை ஒரே கூட்டத்தைச் சேர்ந்த வெவ்வேறு இனங்கள் என்று சொன்ன பிறகுதான் தீவுப் பெயருக்கு அலைச்சல் தொடங்கியது. அப்போது கைகொடுத்தவை டார்வின் போன கப்பலின் கேப்டன் ஃபிட்ஸ்ராய் சேகரித்தவையும், டார்வினின் வேலையாள் சிம்ஸ் கோவிங்டன் தனக்கென்று சேர்த்துவைத்த குருவிகளும்தான். அவற்றுக்குத் தீவுப் பெயர் இருந்தது. கோவிங்டனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் நினைவு வரும்.

சரி, உங்கள் தீவுகளுக்கு வருகிறேன். 1856 ஜூனில் பாலியில் இறங்கி, அங்கிருந்து லொம்போக் போனீர்கள். ஒரு தீவிலிருந்து பார்த்தால் மற்றொன்று கண்ணுக்குத் தெரியும். அளவு, மண், உயரம், வெயில் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். பாலியில் ஆசியாவின் குக்குறுவான்களும் மரங்கொத்திகளும் இருந்தன. நீரிணையைத் தாண்டினால் ஆஸ்திரேலியப் பக்கத்து வெள்ளைக் கொண்டைக் கிளிகள், தேனுண்ணிகள், மண்மேடு குவித்து முட்டையைப் புதைத்துவைக்கும் கோழி போன்ற பறவைகள். இடத்துக்குப் பொருத்தமாகத்தான் உயிர்கள் தோன்றின என்றால், ஒரே மாதிரியான இரண்டு இடங்களில் ஏன் இத்தனை வேறுபாடு? அங்கிருந்து அனுப்பிய சரக்கில் டார்வினுக்கென்று ஒரு நாட்டு வாத்தின் தோலும் போனது. பின்னாளில் தன்னை முந்திவிடுவாரோ என்று டார்வின் பதறிய அந்த மனிதர், அப்போது அவருக்கு வாத்து அனுப்பிக்கொண்டிருந்தார்!

1857-இல் நியூகினிக்குப் பக்கத்தில் உள்ள ஆரு தீவுகள். அங்கே வனும்பாய் என்ற இடத்தில் உங்களைத் தனியாக விட்டுவிட்டு வாலஸ் அதே தீவுகளின் டோபோ ஊரில் இருந்தார். காய்ச்சலோடு கிடந்து, காட்டு மக்கள் வீட்டில் தங்கி, சொர்க்கப் பறவைகளை விலைக்கு வாங்கிப் பாடம் செய்து 16 எண்ணம் கொண்டுவந்தீர்கள். நோய் படுத்தாமல் இருந்திருந்தால் இரு மடங்கு கிடைத்திருக்கும் என்று வாலஸ் எழுதுகிறார். ஆருவைப் பார்த்துத்தான் அவர் அந்தப் பழைய கருத்தோடு நேரடியாகச் சண்டைக்கே போனார். நியூகினியும் போர்னியோவும் மழை கொட்டும் காடுகள், ஆனால் விலங்குகளில் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆஸ்திரேலியா வறண்ட நிலம், ஆனால் அதன் கங்காருக்களுக்கு நியூகினியின் ஈரக் காட்டில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஆக, முடிவுசெய்வது தட்பவெப்பம் இல்லை, வம்சாவளியும் நிலத்தின் பழைய வரலாறும்தான். ஆருவுக்கும் நியூகினிக்கும் இடையில் கடல் ஆழம் குறைவு, ஒருகாலத்தில் இரண்டும் ஒட்டியிருந்த நிலம் என்று அவர் வாதாடினார். என்னைக் கேட்டால், 1858 பிப்ரவரியில் காய்ச்சலில் படுத்தபடி அவர், சூழலுக்குப் பொருந்தியவையே பிழைத்துப் பெருகும் என்ற இயற்கைத் தேர்வைக் கண்டுபிடித்த புகழ்பெற்ற கதையைவிட இந்த ஆரு வாதம்தான் அழகு. காய்ச்சல் கதையில் ஒரு மூளை மட்டும் வேலை செய்கிறது. இதில் உங்கள் துப்பாக்கியும் கத்தியும் பஞ்சும் சேர்ந்து பேசுகின்றன.

காய்ச்சலில் பிறந்த அந்த இயற்கைத் தேர்வுக் கட்டுரை, மலுக்குத் தீவுகளில் ஒன்றான டெர்னாட்டேயிலிருந்து டார்வினுக்குப் போனது. 1858 ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்தும் சேர்த்து வாசிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு டார்வினின் நூல் வந்தது.

1862-இல் சிங்கப்பூரில் பிரியும்போது பணமும், தன் இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இரண்டையும் உங்களுக்குக் கொடுத்தார். அன்று எடுத்த உங்கள் புகைப்படத்தை 1905-இல் தன் சுயசரிதையில் சேர்த்தார். அவர் ஊருக்குக் கொண்டுபோன 1,25,660 மாதிரிகளில் 8,050 பறவைகள். 1907-இல் டெர்னாட்டே தெருவில், வெளுத்த நீலத் தொப்பியோடு ஒரு முதியவராக, தாமஸ் பார்பர் என்ற அமெரிக்க விலங்கியலாளரை வழிமறித்து “நான் அலி வாலஸ்” என்றீர்கள். பார்பர் உங்களைப் படம் பிடித்து வாலஸுக்கு அனுப்பினார். கடும் மலேரியாவில் நீங்கள் பக்கத்திலிருந்து தன் உயிரைக் காப்பாற்றியதை நினைத்து வாலஸ் பதில் எழுதினார். அந்தக் கடிதத்தை பார்பர் தொலைத்துவிட்டார். எனக்கு அதில் மிகுந்த வருத்தம்.

கடைசியாக, 1858 அக்டோபரில் பாச்சான் தீவில் நீங்கள் சுட்டுக் கொண்டுவந்த அந்தப் பறவை. நெஞ்சில் பளபளக்கும் பச்சை இறகு, தோளுக்கு இரண்டாக நான்கு நீள வெள்ளை இறகுகள். அதுவரை அறிவியல் உலகம் அறியாத சொர்க்கப் பறவை! அதன் உறவினங்களில் பெரும்பாலானவை கிழக்கே நியூகினிப் பக்கம் இருக்க, இது மலுக்குத் தீவுகளில் தனி வடிவம் எடுத்திருந்தது. நெருங்கிய உறவுள்ள இனங்கள் பக்கத்துப் பக்கத்து நிலங்களில்தான் உருவாகின்றன என்று 1855-லேயே சரவாக்கில் வாலஸ் எழுதியதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. வெள்ளை இறகுகள் ஏன் இப்படி விறைத்து நிற்கின்றன என்று அவர் கேட்டபோது, பறவை சிறகடிக்கும்போது அதுவே தூக்கி நிறுத்திக்கொள்கிறது என்று சொன்னவர் நீங்கள்தான். அதை உயிரோடு பார்த்தவரும் நீங்கள்தான். லண்டனில் அதற்கு வாலஸின் பெயரைச் சூட்டினார்கள்.

பெயரை இனி மாற்ற முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் படத்தின் கீழே எழுதும் வரி நம் கையில் இருக்கிறது. இனி நான் எங்கே அந்தப் பறவையைப் பற்றி எழுதினாலும் ‘கண்டெடுத்தவர்: அலி, சரவாக்’ என்றே எழுதுவேன். பாடம் எடுக்கும் ஆசிரிய நண்பர்களிடமும் அப்படியே எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அன்புடனும் மரியாதையுடனும்,
உங்கள் வாசகன்