கட்டில் காலடியில் அந்த வெள்ளைக் கோடு

அம்மிணி,

நேற்றுச் சாயங்காலம் நீ அனுப்பிய போட்டோவை உங்கம்மாவும் நானும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். பேரன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான், கீழே ரெண்டு பல் தெரிகிறது, உங்கம்மா அதைப் பத்துப் பேருக்காவது அனுப்பியிருப்பாள். ஆனால் கண்ணு, எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. கட்டில் காலைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு இருந்ததே, அது என்ன என்று போனில் கேட்டேன், "எறும்பு சாக்பீஸ்ப்பா, இங்கே எல்லார் வீட்டிலும் போடுறாங்க" என்று சொன்னாய், அதற்குள் பையன் அழுதான், வைத்துவிட்டாய். இது போனில் ரெண்டு வார்த்தையில் சொல்லி முடிகிற சமாச்சாரம் இல்லை.

மற்றதையெல்லாம் அப்புறம் படித்துக்கொள், முதலில் அந்தக் கோட்டைத் துடைத்துவிடு. சீமாற்றால் கூட்டாதே, தூள் பறக்கும். கையுறை போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பழைய துணியால் துடை, தண்ணீரை மாற்றி இன்னொரு தடவை துடை, துணியைக் கட்டி வெளியே போட்டுவிடு. பக்கத்தில் கிடந்த பொம்மை, விரிப்பு, அவன் வாயில் வைக்கிற எதுவாக இருந்தாலும் கழுவிவிடு. மிச்சம் இருக்கிற சாக்பீஸும் வீட்டில் இருக்க வேண்டாம். பார்த்தால் எழுதுகிற சாக்பீஸ் மாதிரியேதான் இருக்கிறது, பிள்ளைக்கு என்ன தெரியும்?

அந்த மாதிரி சாக்பீஸில் பெரும்பாலும் இருப்பது டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின். உனக்குப் பெயர் புதுசாக இருக்கலாம், எனக்கு இல்லை. நாம் பருத்தி போட்ட காலத்தில் காய்ப்புழுவுக்கு டேங்க் டேங்காக அடித்தது இதே இனத்து மருந்துதான். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, காற்று முதுகில் படுகிற மாதிரி பார்த்து நின்று அடிப்போம், குளித்து வேட்டி மாற்றிவிட்டுத்தான் உன்னைத் தூக்குவேன். செருப்புப் போட்டு நடக்கிற பெரியவர்களுக்கு ஒரு சாக்பீஸ் கோட்டால் பெரிதாக எதுவும் ஆகிவிடாதுதான். அவன் தவழ்கிறவன். தரையில் இருப்பது கைக்கு வரும், கையில் இருப்பது அடுத்த நொடி வாயில் இருக்கும்.

நான் ஏன் இப்படிப் பதறுகிறேன் என்று உனக்குத் தெரியாது. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. 1996, உனக்கு ரெண்டு வயசு. ஆசாரக் கூடத்தில் நெல் மூட்டை அடுக்கியிருந்தோம், ஐப்பசி மழைக்குச் செவ்வெறும்பு சுவரோரமாகப் புகுந்து மூட்டைக்கு அடியில் அடைந்துவிட்டது. உன்னைத் தொட்டிலில் போட்டால் கடித்து உடம்பெல்லாம் தடித்துப் போகும், ராத்திரி முழுக்க அழுவாய். நான் உரக்கடையில் கெமாக்சின் என்கிற பூச்சிமருந்துப் பொடி வாங்கி வந்து சுவரோரம் முழுக்க, தொட்டிலுக்குக் கீழேயும், மாவு தூவுகிற மாதிரி தூவிவிட்டேன். அன்றைக்கு எல்லார் வீட்டிலும் அதுதான் வழக்கம். மறுநாள் மத்தியானம் உங்கம்மா வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள், நான் தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் திருப்பப் போயிருந்தேன். நீ மூட்டைச் சந்தில் உட்கார்ந்து விரலை நக்கிக்கொண்டிருந்தாய். உங்கம்மா வந்து தூக்கும்போது உன் உள்ளங்கையும் உதடும் வெள்ளை. கொஞ்ச நேரத்தில் வாந்தி, அப்புறம் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் காரில் கோபிக்குக் கொண்டு ஓடினோம். அந்தக் கலவரத்திலும் உங்கம்மா பொடி கட்டி வந்த காகிதத்தைக் கையோடு எடுத்து வந்திருந்தாள், டாக்டர் முதலில் கேட்டதே அதைத்தான். மூன்று நாள் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் நீ இட்லி கேட்டாய்.

அடுத்த வருஷமே, 1997-ல், அந்தக் கெமாக்சினை, அதாவது பிஹெச்சி மருந்தை, நாடு முழுக்கத் தடை செய்தார்கள். அதிலிருந்து பிரித்தெடுக்கிற லிண்டேனை அடியோடு நிறுத்த 2013 ஆகிவிட்டது. தடை வந்து என்ன, அன்றைக்குத் தூவியது என் கைதான். உங்கம்மா இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

அதற்குப் பிறகுதான் நான் எறும்பை உட்கார்ந்து பார்க்கவே ஆரம்பித்தேன். நீயும் இன்றைக்கு ராத்திரி பையன் தூங்கினதும் டார்ச் எடுத்துக்கொண்டு அந்த வரிசைக்குப் பக்கத்தில் உட்கார். எதிரும் புதிருமாக வருகிற ரெண்டு எறும்பு முட்டிக்கொள்ளும், மீசையால் ஒன்றையொன்று தொட்டுப் பார்க்கும், நகர்ந்து போகும். வரிசைக்குக் குறுக்கே உன் விரலை அழுத்தி ஒரு இழுப்பு இழுத்துப் பார். விரல் அகலம்தான், ஆனால் வருகிறது எல்லாம் அந்த இடத்தில் வந்து நின்றுவிடும், இந்தப் பக்கம் கூட்டம், அந்தப் பக்கம் கூட்டம், நடுவில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் தடுமாறும். ஒன்று மட்டும் துணிந்து கடந்து போகும், அதன் பின்னால் இன்னொன்று, அப்புறம் பழையபடி வரிசை. முன்னால் போன எறும்பு தரையில் விட்டுப் போகிற வாசம்தான் அதற்குச் சாலை. நாம் கண்ணுக்குத் தெரிகிற எறும்பை நசுக்குகிறோம், சாலையை அப்படியே விட்டுவிடுகிறோம், ஒரு மணி நேரத்தில் அதே இடத்தில் அடுத்த வரிசை வருகிறது.

அதனால் பாத்திரம் கழுவுகிற சோப்பைத் தண்ணீரில் கலந்து, வரிசை தொடங்குகிற இடத்திலிருந்து முடிகிற இடம் வரைக்கும் அழுத்தித் துடை. பாதி வினிகர் பாதி தண்ணீர் கலந்து துடைத்தாலும் சரி. நாலைந்து நாள் விடாமல் செய்ய வேண்டும், ஒரு நாள் துடைத்துவிட்டு "போகலையேப்பா" என்று சொல்லாதே. எங்கே இருந்து வருகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்த்து, ஜன்னல் சட்டத்துச் சந்து, டைல்ஸ் விரிசல் எல்லாவற்றையும் வெள்ளை சிமெண்ட் வைத்து அடைக்கச் சொல். சுவிட்ச் போர்டுக்குள் போனால் மட்டும் தண்ணீர்த் துணியைக் கொண்டு போகாதே.

ஸ்ப்ரே வேண்டாம். அது அடிக்கிற இடத்தில் இருக்கிற எறும்பை மட்டும்தான் கொல்லும், ராணி கூட்டுக்குள் பத்திரமாக உட்கார்ந்து முட்டை போட்டுக்கொண்டிருக்கும். சின்னதாக மஞ்சளாக ஒரு ஜாதி எறும்பு உண்டு, மருந்து பட்டால் கூடு பிரிந்து ஒன்று நாலாகிவிடும். அடுப்பு எரியும்போது ஸ்ப்ரே அடித்தால் தீப்பிடிக்கும் என்பது தனி.

மஞ்சள் பொடி போடலாமா என்று கேட்டிருந்தாய். மஞ்சள் விளைவிக்கிறவன் நான், ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், அது பாதிதான் வேலை செய்யும். எறும்பு கோட்டருகே வந்து தயங்கும், அப்புறம் சுற்றிக்கொண்டு வேறு வழி பிடிக்கும். பிள்ளைக்குக் கெடுதல் இல்லை என்பதால் சந்துகளில் போட்டு வை, அதை மட்டும் நம்பாதே. சர்க்கரை டப்பாவில் கிராம்பு போடுவதும் அப்படித்தான், கிராம்பைவிட மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்.

இன்னொன்று, இதை நீ யோசித்திருக்க மாட்டாய். போன மாசம் பால்கனிச் செம்பருத்தியில் இலைக்கு அடியில் பஞ்சு பஞ்சாக இருக்கிறது என்று படம் அனுப்பினாயே, அது மாவுப்பூச்சி. 2008-ல் கோயமுத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது ஞாபகம் இருக்கிறதா, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் வெள்ளை பூத்து நின்றது, எந்த மருந்துக்கும் அடங்கவில்லை, 2010-ல் வெளிநாட்டிலிருந்து கண்ணுக்கே தெரியாத ஒரு குட்டிக் குளவியைக் கொண்டு வந்து விட்ட பிறகுதான் அடங்கியது. அப்போது நம் மல்பெரிச் செடியில் எங்கெல்லாம் மாவுப்பூச்சியோ அங்கெல்லாம் எறும்பு. அந்தப் பூச்சி இனிப்பாக ஒரு நீரைக் கழிக்கும், எறும்பு அதைக் குடிக்கும், அதற்காகப் பூச்சியை மற்றதிடமிருந்து காவலும் காக்கும், நாம் மாடு வளர்க்கிற மாதிரிதான். உன் வீட்டு வரிசை பால்கனிக் கதவிலிருந்துதான் வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தச் செடியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவு, சோப்புத் தண்ணீரில் பழைய பல் பிரஷை நனைத்து இலைக்கு அடியில் தேய், மோசமான கிளையை வெட்டிவிடு. தொட்டி சுவரை ஒட்டி இருக்க வேண்டாம்.

வீட்டுக்குள் அதற்குச் சாப்பாடு கிடைக்கிற இடத்தைப் பார். பையன் பால் கக்கின விரிப்பு, இருமல் மருந்து பாட்டிலின் கழுத்து, பிஸ்கட் தூள், ராத்திரி கழுவாமல் போடுகிற பால் பாட்டில். நாங்கள் கொடுத்தனுப்பிய கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையைத் துணிப் பையிலேயே வைத்திருக்கிறாய் என்றால் பாதிக் குற்றம் எங்கள் மேல்தான், உடனே எவர்சில்வர் தூக்கில் கொட்டி மூடு. எறும்பு ஏறியிருந்தால் தாம்பாளத்தில் பரப்பி வெயிலில் வை, தானே இறங்கிப் போய்விடும்.

கட்டிலைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளிப் போடு, போர்வை, கொசுவலை எதுவும் தரையைத் தொட வேண்டாம். நாலு காலிலும் ரெண்டு விரல் அகலத்துக்கு வாஸ்லின் தடவிவிடு, பிசுபிசுப்பில் எறும்பு ஏறாது. தூசி படிந்தால் துடைத்துவிட்டு மறுபடி தடவு. உன் அப்பத்தா காலத்தில் கட்டில் காலுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைப்பார்கள், தவழ்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் அது வேண்டாம், கவிழ்ப்பான், குடிப்பான், ஒரு வாரம் மாற்றாமல் விட்டால் டெங்கு கொசு வேறு முட்டை வைக்கும்.

இத்தனைக்கும் போகவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது, ஆனால் இப்போது இல்லை. தீபாவளிக்கு நீயும் பையனும் பத்து நாள் முன்னாலேயே வந்துவிடுங்கள், மாப்பிள்ளை அங்கே தனியாக இருக்கும்போது செய்யட்டும். கேரம் போர்டுக்குப் போடுகிறார்களே போரிக் பவுடர், அதில் அரை டீஸ்பூன், சர்க்கரை நாலைந்து டீஸ்பூன், ஒரு டம்ளர் வெந்நீரில் கரைத்து, பஞ்சில் நனைத்து, மூடியில் ஓட்டை போட்ட டப்பாவுக்குள் வைத்து மூடி, எறும்பு வருகிற வழியில் வைக்க வேண்டும். பவுடரைக் கூடப் போடக் கூடாது. கூடினால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், கொஞ்சமாக இருந்தால்தான் வயிற்றில் சுமந்துகொண்டு போய்க் கூட்டில் இருக்கிற எல்லாவற்றுக்கும் ஊட்டும், ராணிக்கும் போய்ச் சேரும். முதல் ரெண்டு நாள் கூட்டம் அதிகமாகத்தான் வரும், மாப்பிள்ளை பயந்து துடைத்துவிடப் போகிறார், சொல்லி வை. இனிப்பைச் சீண்டாத எறும்பாக இருந்தால் கொஞ்சம் தேங்காய்த் துருவல் வைத்துப் பார்க்கட்டும், சில ஜாதி எண்ணெய்ப் பசைக்குத்தான் வரும். போரிக்கும் பிள்ளை வாய்க்கு விஷம்தான், நீங்கள் திரும்பி வருவதற்கு முன்னால் டப்பாவை எடுத்து, இடத்தைக் கழுவிவிட வேண்டும்.

கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த துணியை வை. முகம் வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. மருந்து எதையாவது வாயில் வைத்துவிட்டான் என்றால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதே, வாயைத் துடைத்துவிட்டு, அந்த அட்டையையோ பாட்டிலையோ கையில் எடுத்துக்கொண்டு கிளம்பு, வண்டி இல்லையென்றால் 108. எங்களுக்கு அப்புறம் போன் பண்ணிக்கொள்ளலாம்.

உங்கம்மா கச்சாயம் சுட மாவு இடித்து வைத்திருக்கிறாள், நீ வருகிற தேதி தெரிந்தால் சொல். கோட்டைத் துடைத்ததும் கட்டில் காலை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, எத்தனை மணியானாலும் பரவாயில்லை, முழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அப்பா