ஞாயிறு காலை கிளிப்லெஸ் பெடல் பழகுவோம்

வணக்கம் அக்காமார், தங்கச்சிமார்.

வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு இரணைமடுக் குளக்கட்டடியில் கூடுவோம். கிளிப்லெஸ் பெடல் என்றால், சப்பாத்தின் அடியில் பூட்டும் ‘கிளீட்’ என்ற சிறு துண்டைக் கொழுவிப் பிடிக்கும் சைக்கிள் பெடல். அதில் ஓடுகிறவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்வார்கள். புதியவர்கள் புல்லில் பழகலாம்.

1. சப்பாத்து, ஹெல்மெட், தண்ணீர், இருந்தால் அலன் கீ (அறுகோணத் திறப்பு) கொண்டு வாருங்கள்.

2. புதியவர்கள் பெடல் கிளீட்டைப் பிடிக்கும் இறுக்கத்தை முதலே குறைத்து வையுங்கள். குதிக்காலை வெளிப்பக்கம் திருப்பினால் கால் பெடலில் இருந்து கழரும். நிற்பதற்கு முன்பே திருப்ப வேண்டும். மாடு குறுக்கே வரும் எங்கள் ரோட்டில் இது மிக முக்கியம்.

3. முழங்கால் நோகிறதா? கட்டாயம் சொல்லுங்கள். கிளீட் கோணலாகப் பூட்டியிருந்தாலும் நோகும். பொறுத்துக்கொண்டு ஓட வேண்டாம்.

சாதாரண பெடலோடும் வரலாம். வெள்ளி இரவுக்குள் பதில் போடுங்கள். சப்பாத்து அளவையும் எழுதினால், இல்லாதவர்களுக்கு இரவல் பார்க்கலாம்.