அம்மாவைச் சுமந்து வந்த பிள்ளைகளுக்கு

அன்புள்ளங்களுக்கு வணக்கம்.

கடந்த மாதம் இலங்கை மலைநாட்டின் ஹோட்டன் சமவெளியில் என் அம்மாவுக்குத் துணை நின்ற அனைவருக்கும் இந்த மடல். அன்றைய பதற்றத்தில் உங்கள் பெயர்களைக்கூடக் கேட்காமல் பிரிந்துவிட்டோம். அது இன்னும் மனதை உறுத்துகிறது.

அம்மா அந்தச் சமவெளியின் அடிவாரத்தில் உள்ள நன்பேரியல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். நிமிரும்போதெல்லாம், சமவெளியின் விளிம்பில் 'உலக முடிவு' என்று சொல்லும் செங்குத்துப் பாறை தலைக்கு மேலே நிற்குமாம். அங்கே ஏறி நின்று ஒரு தடவையாவது கீழே பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இப்போது அவருக்கு வயது 66.

வேன்கார அண்ணா, உங்களுக்குத்தான் முதல் நன்றி. "ஒன்பது மணி தாண்டினால் பனி மூடிவிடும்" என்று சொல்லி, நாலரை மணிக்கே வாசலில் வந்து நின்றீர்கள். நுழைவாயிலில் ரொட்டியைப் பொலித்தீனிலிருந்து எடுத்துத் தாளில் மடித்துக் கொடுத்த உத்தியோகத்தர், அம்மாவின் நடையைப் பார்த்துத் தாமாகவே ஒரு கைத்தடியும் தந்தார். அவருக்கும் நன்றி.

சுற்றுப்பாதை ஏறத்தாழ 9.5 கிலோமீட்டர். புல்வெளி முடிந்து காட்டுக்குள் நுழைந்தால் அடிமரம் முதல் கிளை நுனி வரை பாசி. அம்மா ஒரு மரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். பாசியிலிருந்து நீர் கசிந்து மணிக்கட்டு வரை வழிந்தது. "நம் பீலிக்கு வந்த தண்ணீர் இதுதான்" என்றார். மகாவலி, களனி, வளவை ஆறுகள் மூன்றுக்கும் இந்தச் சமவெளியில்தானே ஊற்று!

உலக முடிவில் மலை ஏறத்தாழ 870 மீட்டர் செங்குத்தாக இறங்குகிறது. அடியில் தேயிலைப் பச்சை, அதன் நடுவே பொடிப்பொடியாக லயத்துக் கூரைகள், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள். தாம் பிறந்த லயம் எது என்று அம்மா விரலால் எண்ணிக்கொண்டே வந்தார். எண்ணி முடிப்பதற்குள் பனி ஏறிவிட்டது. ஆனாலும் பார்த்துவிட்டார்.

பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் சரிவில், ஈர வேரில் கால் வழுக்கிக் கணுக்கால் பிசகியது. பின்னால் வந்த பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களே, என் தங்கை தம்பிகளே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்! ஒரு தங்கை தன் நீலச் சால்வையை ஓடை நீரில் நனைத்துக் காலில் இறுகக் கட்டினாள். தம்பிகள் மூவர் மாறி மாறி முதுகில் சுமந்தார்கள். "வேண்டாம் பிள்ளைகளே, மெல்ல நடந்துவிடுவேன்" என்று அம்மா தமிழில் மறுக்க, "அம்மே, அம்மே" என்று நீங்கள் சிங்களத்தில் சமாதானம் சொன்னீர்கள். கூடையைத் தவிர வேறு எதையும் முதுகோடு சேர்த்துப் பழகாத அம்மா, கடைசியில் ஒரு தம்பியின் தோளில் முகத்தைச் சாய்த்துக்கொண்டார்.

கால் இப்போது நன்றாகக் குணமாகிவிட்டது. கைத்தடியை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டோம். சால்வை மட்டும் எங்களிடமே தங்கிவிட்டது. அம்மா அதைத் துவைத்து மடித்து அலுமாரியில் வைத்திருக்கிறார். அந்தத் தங்கை வந்தால், சோறு சாப்பிடாமல் எடுத்துப்போக விடமாட்டாராம்.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து ஒரு மகள்