மனநலக் குடும்பத்தினர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதக் கூட்டங்களில் பேசப்பட்டவற்றை மட்டும் இங்கே வைக்கிறேன்.

வந்த கேள்விகளைச் சேர்த்துப் பார்த்தால், குடும்பங்கள் சறுக்கும் இடங்கள் இரண்டு: சிகிச்சையைத் தாமதமாகத் தொடங்குவது, தேறியதும் நிறுத்திவிடுவது. மனநோயைக் குணக்கேடு என்று நினைப்பதே இரண்டுக்கும் வேர்.

சோம்பல், திமிர், நடிப்பு என்று பெயர் வைத்தே மாதங்கள் ஓடிவிடுகின்றன. இரண்டு வாரமாக அநேகமாக நாள்தோறும் மனம் சோர்ந்து, எதிலும் நாட்டமின்றி, தூக்கமும் பசியும் மாறியிருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு சுரப்புக் குறைவும் இப்படியே தோன்றலாம் என்பதால் இரத்தப் பரிசோதனை எழுதித் தருவார்கள். அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பிறருக்குக் கேட்காத குரல் தனக்குக் கேட்கிறது என்பவருக்கு அந்த இரண்டு வாரக் கணக்குகூட வேண்டாம், உடனே அழைத்துச் செல்லுங்கள்.

அதிக நேரம் எடுத்தது மாத்திரை பற்றிய பேச்சுதான். மனச்சோர்வு மாத்திரையில் குமட்டல் முதல் சில நாட்களிலேயே வரும்; பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகலாம். இந்த இடைவெளியில்தான் ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நிறுத்துகிறார்கள். தேறிய பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். திடீரென விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது போன்ற உணர்வு வரலாம். அதைக் கண்டு ‘அடிமையாகிவிட்டார்’ என்கிறார்கள். மருத்துவர் சொற்படி டோஸைப் படிப்படியாகக் குறைத்தால் அந்தத் தொல்லை குறையும். பழக்கமாகிவிடும் அபாயம் உள்ளவை பென்சோடயசெபைன் வகைத் தூக்க மாத்திரைகள். வருத்தம் என்னவென்றால், பல வீடுகளில் அந்தத் தூக்க மாத்திரை தொடர்கிறது, தேவையான மனச்சோர்வு மாத்திரைதான் குப்பைக்குப் போகிறது.

மிதமிஞ்சிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறுக்கு 1949 முதல் அறியப்பட்ட லித்தியம் நல்ல மருந்து, ஆனால் அளவு மீறினால் நஞ்சு. இரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கும் பரிசோதனைக்கு, கடைசி டோஸுக்கு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் இரத்தம் கொடுக்க வேண்டும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனால் அளவு கூடுதலாகக் காட்டி, டோஸ் தவறாகக் குறைக்கப்படும். வாந்தி, வயிற்றுப்போக்கு, ஐபுப்ரோஃபென் வலி மாத்திரை இவை மூன்றும் இரத்தத்தில் லித்தியத்தை ஏற்றும். கை நடுக்கம் கூடி, நடை தள்ளாடி, பேச்சுக் குழறினால் அடுத்த டோஸைக் கொடுக்காமல் அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூளைக்குள் சிறிது நேரம் மின்சாரம் செலுத்தும் மின்னதிர்வு சிகிச்சை குறித்து அச்சம் இன்னும் நீங்கவில்லை. மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் கொடுத்த பிறகே செய்கிறார்கள். பொதுவாக 6 முதல் 12 முறை. நினைவு மறதி ஏற்படலாம். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

‘சாக வேண்டும் போல் இருக்கிறதா?’ என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் வாயடைத்துப் போகிறார்கள். அப்படி விதைப்பதில்லை, கேளுங்கள். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். மாத்திரைகளைப் பூட்டி வைத்து, அந்தந்த வேளைக்கு எடுத்துக் கொடுங்கள். அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வரும் ஆண்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறிப்பேடு தரத் தீர்மானித்துள்ளோம். மருந்தின் பெயர், டோஸ், தொடங்கிய தேதி, விட்டுப்போன வேளைகள், தூங்கிய நேரம் ஆகியவற்றுக்கு அதில் கட்டங்கள் இருக்கும். நோய் திரும்பும்போது பெரும்பாலும் தூக்கம்தான் முதலில் கெடுகிறது. அந்தக் கட்டத்தை மட்டும் ஒரு நாளும் காலியாக விட வேண்டாம்.

இவ்வறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்