உடற்கல்வியியல் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். மாவட்டப் போட்டி வரை போன எங்கள் பழைய பிள்ளைகள், டிகிரி முடித்ததும் என்னிடம் வந்து நிற்பார்கள். "சார், பி.பி.எட். முடிச்சா எவ்வளவு சம்பளம் வரும்?" டிகிரிக்குப் பிறகு படிக்கும் உடற்கல்வி ஆசிரியர் பட்டம்தான் இந்த பி.பி.எட். கூட வந்த அப்பா, "லோன் போட்டுப் படிக்க வைக்கலாமா சார்?" என்பார். இந்த இரண்டு கேள்விக்கும் உங்கள் சேர்க்கைக் கையேட்டில் பதில் இல்லை. ஓடுதளத்தின் படம் இருக்கிறது, பதக்கம் வென்றவர்களின் படம் இருக்கிறது. படித்து வெளியே போனவர்கள் இன்று என்ன வாங்குகிறார்கள் என்பது மட்டும் இல்லை. அதையும் அச்சிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அரசுப் பள்ளி வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் பெரும்பாலானவர்கள் இந்தப் படிப்புக்கு வருகிறார்கள். அந்த வேலையின் நிலவரம் உங்களுக்குத் தெரியும், பெற்றோருக்குத் தெரியாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே, உயர் தொடக்க வகுப்புகளில் (6 முதல் 8 வரை) 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்றுதான் சொல்கிறது. கணக்குக்கும் மொழிக்கும் முழுநேர ஆசிரியர், விளையாட்டுக்குப் பகுதிநேரம். அந்த வழியில் 2012-இல் தமிழ்நாட்டில் உடற்கல்வி, ஓவியம், இசை, தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் எடுக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய், மே மாதம் சம்பளம் கிடையாது. 2021-இல் அது 10,000 ஆனது, 2024-இல் 12,500. காலமுறை ஊதியத்தில், அதாவது நிரந்தர வேலையில், சேரும் வாய்ப்பு எப்போதாவதுதான் வருகிறது. 2017-இல் ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவித்த 1,325 சிறப்பாசிரியர் இடங்களில் ஏறக்குறைய பாதி உடற்கல்விக்கு. அதுவும் வழக்குகளில் சிக்கி ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

தனியார் பள்ளிகளிலும் எங்கள் வட்டாரத்தில் புதிதாகச் சேரும் பி.டி. சாருக்கு அந்த 12,500-க்குக் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே, அவ்வளவுதான். அதற்குள் பஸ் டியூட்டி, அசெம்பிளி, ஆண்டுவிழா எல்லாம் அடக்கம்.

இப்போது கடனுக்கு வருகிறேன். பி.பி.எட். முன்பு ஓராண்டுப் படிப்பு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகளுக்குப் பிறகு ஈராண்டு ஆனது. பயிற்சிக்கு அது நல்லதுதான். ஆனால் ஓராண்டுக் கட்டணமும் விடுதிச் செலவும் கூடின, வேலைக்குப் போவது ஓராண்டு தள்ளிப்போனது. ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் இரண்டு லட்சம் கல்விக் கடன் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 10 விழுக்காடு. படிக்கும் காலமும் அப்புறம் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள், ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். தவணை தொடங்கும்போது கடன் இரண்டரை லட்சம். ஏழு ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 4,150 ரூபாய். 12,500 வாங்குபவருக்கு அது சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. மே மாதம் சம்பளம் வராவிட்டாலும் தவணைத் தேதி வரும்.

அந்த வட்டி 50,000 ரூபாயை மிச்சப்படுத்தவும் வழி இருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் வட்டி மானியம் உண்டு. ஆனால் கல்லூரிக்கு நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். உங்கள் கல்லூரிக்கு அது உண்டா இல்லையா என்று விண்ணப்பத்தில் ஒரு வரி போடலாமே!

வங்கிக் கணக்கில் ஏறாத கடனும் உண்டு. காலை ஐந்தரைக்குக் கிரவுண்டில் இறங்கும் பிள்ளைக்கு மெஸ் சாப்பாடு போதாது. முட்டை, வாழைப்பழம், பால் எல்லாம் தனிக் காசு. டிராக் சூட், ஸ்பைக்ஸ், ஆறு மாதத்தில் அடி தேய்ந்துபோகும் ஷூ, தலைமைத்துவ முகாம், டோர்னமென்ட் பயணம் என்று கட்டண ரசீதில் இல்லாத செலவு வந்துகொண்டே இருக்கும். அந்தப் பணத்தை அம்மா மகளிர் குழுவில் எடுத்து அனுப்புகிறார். பிள்ளை வேலைக்குப் போனதும் முதலில் அடைப்பது அதைத்தான். கோச் ஆகலாம் என்றால், அரசுப் பயிற்றுநர் பணிக்கு பெரும்பாலும் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) டிப்ளமோ கேட்பார்கள். அது இன்னொரு ஆண்டு, இன்னொரு செலவு.

இந்தப் படிப்பு வேண்டாம் என்று நான் எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை. அசெம்பிளியில் மயங்கி விழுந்த பிள்ளையிடம் காலையில் சாப்பிட்டாயா என்று முதலில் கேட்பது பெரும்பாலும் பி.டி. சார்தான். பள்ளிக்கு அந்த ஆள் தேவை. முதல் ஓராண்டுச் சம்பளத்துக்கு மேல் கடன் போகக்கூடாது என்று மட்டும் சொல்கிறேன். பதினொரு மாதச் சம்பளம் 1,37,500. அதற்குள் முடியும் கல்லூரி எது என்று கேட்கும் பெற்றோருக்கு என் கையில் விவரம் இல்லை, உங்களிடம் இருக்கிறது.

முன்னாள் மாணவர்களைத் தேடிப்பிடிப்பது கஷ்டம் என்று சொல்லாதீர்கள். சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி 1920-இல் தொடங்கியது. நூறாண்டு தாண்டிய துறை இது. எங்களுக்குள் தொடர்பு விட்டுப்போவதே இல்லை. ஒரு மாவட்டத் தடகளப் போட்டிக்கு நடுவராகப் போனால் நான்கு கல்லூரி ஆட்களைப் பார்க்கலாம். ஒவ்வொரு பேட்சுக்கும் வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. பெயர் வேண்டாம். எந்த வகை வேலை, முதல் ஆண்டுச் சம்பளம், இன்றைய சம்பளம், மீதமுள்ள கடன், இவ்வளவு கேட்டால் போதும். வேலை கிடைக்காதவர்களையும் கணக்கில் சேருங்கள், அவர்களை விட்டுவிட்டால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை.

அடுத்த சேர்க்கை அறிவிப்புக்கு முன்னால் ஒரு படிவம் அனுப்புங்கள். என் விவரத்தை அன்றே நிரப்பித் தருகிறேன், என் பேட்ச்காரர்களிடமும் வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் உடற்கல்வி ஆசிரியர்