உன் தம்பி மனைவியை அழைத்து வா

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தி அறிந்து மகிழ்ந்தேன். அடுத்த பக்கத்தைத்தான் இரண்டு முறை படித்தேன். உன் தம்பி மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் என்று டாக்டர் சொல்லி மூன்று வாரமாகியும், அவளிடம் 'சின்னக் கட்டி' என்றே சொல்லிவருகிறீர்கள். நோயாளிகள் கூடிப் பேசும் குழுவுக்கு அனுப்பினால் மற்றவர்களைப் பார்த்து மனம் உடைந்துவிடுவாள் என்கிறாய். வசந்தி, அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். என்னிடமும் இப்படித்தான் மறைத்தார்கள். நான் கூடத்துக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் முதல் முறை அந்தக் குழுவுக்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். முதல் அரை மணி நேரம் நர்ஸ் பாடம் நடத்தினார்: கீமோவால் வாய்ப்புண் வந்தால் உப்பும் சமையல் சோடாவும் கரைத்த நீரால் கொப்பளிப்பது, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போவது. அதன் பிறகு ஓர் அம்மா எழுந்து சுவரோரம் நின்றார். அறுவைசிகிச்சை செய்த பக்கத்துக் கைவிரல்களைச் சுவரில் நண்டு ஊர்வதுபோல் மெல்ல மெல்ல மேலே ஏற்றிக் காட்டினார். வீட்டில் தினமும் விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டாராம். "முதல் கோடு தோளுக்கும் கீழே. இப்போது நானே கொடியில் புடவை காயப்போடுகிறேன்" என்றார். அன்று இரவே என் படுக்கையறைச் சுவரில் ஒரு கோடு போட்டேன்.

உன் பயம் படித்தவர்களுக்கும் இருந்ததுதான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் டேவிட் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவர், மார்பகப் புற்றுநோய் உடலெங்கும் பரவிவிட்ட பெண்களை வாரந்தோறும் கூடிப் பேசவைத்தார். உடன் இருப்பவர் இறந்தால் மற்றவர்கள் ஒடிந்துபோவார்கள் என்று எச்சரித்தார்கள். ஆனால் அந்தப் பெண்களுக்கு அச்சமும் வலியும் குறைந்தன. 1989-ல் வந்த அவருடைய ஆய்வு, அவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகவும் சொன்னது. பிறகு கனடாவில் 235 பெண்களிடம் செய்து 2001-ல் வெளியான ஆய்வில் ஆயுள் கூடவில்லை. மனவேதனையும் வலியும்தான் குறைந்தன. ஆகவே ஆயுள் நீளும் என்று ஆசைகாட்டி அவளைக் கூப்பிடாதே.

எங்கள் குழுவிலும் ஒருத்தி போய்விட்டாள். அடுத்த வாரம் அவள் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அவளைப் பற்றியே பேசிப் பேசி அழுதோம். வீட்டில் அப்படி அழ முடியாது. நான் கண் கலங்கினால் இவர் சாப்பிடாமல் எழுந்துவிடுவார்.

முதலில் உன் தம்பியை அவளிடம் உண்மையைச் சொல்லச் சொல். டாக்டரும் உடன் இருக்கட்டும். குழு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கூடும். திங்கள் இரவே இங்கு வந்து தங்கிவிடுங்கள். வாய் திறக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தமாட்டார்கள். நானே மூன்றாவது வாரம்தான் பேசினேன். அவள் பக்கத்து நாற்காலியில் நான் இருப்பேன்.

அன்புடன்,
கமலா