தேசிய இலக்கியம் கேட்கும் அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணே,

மண்டபம் கூட்டத்தில் நீங்கள் பேசியதைக் கேட்டேன். பாம்பன் தம்பி எழுதிய கதையைக் கையில் வைத்துக்கொண்டு, "பாதிக் கதை மன்னாரில் நடக்கிறது, இதை எந்தத் தேசத்து இலக்கியத்தில் சேர்ப்பது?" என்றீர்கள். அவன் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. அவனுக்காக நான் எழுதுகிறேன்.

தேசிய இலக்கியம் என்ற கோரிக்கையை நான் குறைத்துப் பேச மாட்டேன். எதிர்க்கரையில் அது பெரிய காரியம் செய்திருக்கிறது. இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கமும், கைலாசபதி, சிவத்தம்பி போன்ற விமர்சகர்களும் தமிழ்நாட்டுப் பத்திரிகைக் கதைகளைப் பார்த்து எழுதியது போதும், சொந்த மண்ணை எழுதுங்கள் என்றார்கள். ஒடுக்கப்பட்டவர்களின் பேச்சு கதைக்குள் வந்தபோது பண்டிதர்கள் அதை 'இழிசனர் வழக்கு' என்று தள்ளினார்கள். அப்போது இந்த விமர்சகர்கள் எழுத்தாளர்கள் பக்கம் நின்றார்கள். ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து எழுத வந்த டானியலுக்கும் டொமினிக் ஜீவாவுக்கும் அது எவ்வளவு பெரிய துணை!

ஆனால் 1960களில் அந்த அணியே உடைந்தது. எழுத்தாளர் எஸ். பொன்னுத்துரை முறித்துக்கொண்டு வெளியேறி, முற்போக்குக்கு மாற்றாக 'நற்போக்கு' என்றார். இன்னொரு எழுத்தாளரான மு. தளையசிங்கம் கைலாசபதியின் பார்வையோடு நேருக்கு நேர் மோதினார். ஒருவர் எழுதியது எப்படி இருக்கிறது என்பதைவிட, அவர் யார் பக்கம் என்பதே முன்னால் வந்து நின்றது. இன்று அந்த இருவரையும் விட்டுவிட்டு ஈழத்து எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியுமா?

நம் கரைக்கு அந்த வம்பு வேண்டாம் அண்ணே. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடியது. 1964 புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு இராமேசுவரத்திலிருந்து போன கப்பலும் 1980களில் நின்றுபோனது. பாக் நீரிணையில் எல்லை வகுத்த ஒப்பந்தம் 1974இல்தான் வந்தது. அதற்கு முன்பே பெண் கொடுத்து, பெண் எடுத்த குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. தலைமன்னாரில் இருக்கும் சித்தியை விட்டுவிட்டு அவன் பாம்பனை எப்படி எழுதுவான்?

கதையில் குறை உண்டு. அகதி முகாம் வரும் பகுதி வெறும் செய்தியாகவே நிற்கிறது. பாசி எடுக்கும் பெண்களை அவசரமாகக் கடந்துவிடுகிறான். அதைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வான். நீங்கள் சொன்னால் இன்னும் நன்றாக எழுதுவான்.

நீங்கள் கொண்டுவரும் கதைத் தொகுப்புக்காக மன்னார் பகுதியை மட்டும் வெட்டச் சொல்லாதீர்கள். வெட்டினால் என் கதையையும் அதில் சேர்க்க வேண்டாம்.

அன்புடன்,
தேவிபட்டினத்திலிருந்து உங்கள் தங்கை